"விசுவாசம்" எண்டு பாராட்டு மடல்ல போடலாமா?

வாவிக்கரையான்
மச்சான்மாரே, அக்காமாரே, ஒரு உதவி. எங்கட பக்கத்து அரிசி மில் ஒண்டுல கன காலமா வேல செஞ்ச ஒரு அண்ணர் ஓய்வெடுக்கிறார், மொதலாளி பொன்னாட போத்திப் பாராட்டு மடலும் குடுக்கப் போறாராம், மடல எழுதித் தாற வேல என்ட தலையில விழுந்திட்டு. "நிறுவனத்தின் மீது மாறாத விசுவாசம் கொண்டவர்" எண்டு ஒரு வரி போட்டிருந்தன். பிரிண்டிங் கடையில டைப் பண்ணுற தங்கச்சி அந்த அண்ணர்ட மருமகளாம், வாசிச்சுப்போட்டு "அண்ண, இது நாய்க்குச் சொல்லுற சொல்லு, மாமாக்கு வாணாம்" எண்டுட்டா. மொதலாளி என்னெண்டா அந்தச் சொல்லு இல்லாட்டி மடலே வாணாம் எண்டு நிக்கார். இதுல சரியான வழக்கு என்ன? படப்பேர வெச்சி மீம் போட வாறவங்க தயவுசெஞ்சி வேற இழைக்குப் போங்க.

கல்லடிக்_காத்து
தங்கச்சி சொன்னதுல ஞாயம் இரிக்கி. ஊர்ல இந்தச் சொல்லு எங்க வருகுது எண்டு யோசி. மொதல்ல நாய். அதுக்கு அடுத்தது அரசியல்வாதிக்குப் பின்னால பைல் தூக்கிற ஆக்கள். பேப்பர்ல "அவரது தீவிர விசுவாசி" எண்டு போட்டா அதப் பாராட்டு எண்டு ஆரும் வாசிக்கிறல்லயே. சந்தியில நிண்டு கதைக்கக்குள்ள பந்தம் பிடிக்கிறான், வால் பிடிக்கிறான் எண்டு சொல்லுவம், அச்சில வந்தா அதே ஆள் விசுவாசி. அவ்வளவுதான் வித்தியாசம்.

கல்லாத்து_டீச்சர்
தம்பிமார் நாய்க்கும் வாலுக்கும் ஓட முன்னுக்கு ஒரு ஞாயித்துக்கிழம எங்கட பக்கம் வந்துட்டுப் போங்க. நாங்க மெதடிஸ்த சபை. எங்களுக்கு விசுவாசி எண்டா சபைக்கு வாற ஆள், விசுவாசப் பிரமாணம் எண்டா எழும்பி நிண்டு சொல்லுறது. எபிரெயர் 11 ல "விசுவாசமானது நம்பப்படுகிறவைகளின் உறுதியும், காணப்படாதவைகளின் நிச்சயமுமாயிருக்கிறது" எண்டு வருகுது, இதுல சம்பளமும் இல்ல சோறும் இல்ல, கண்ணால காணாத ஒண்ட உறுதியாப் பிடிச்சிக்கிறது.

இன்னொண்டும் கவனிங்க. அதே பழைய பைபிள்ல மத்தேயு 25 ல எசமான் தாலந்தக் குடுத்துட்டு ஊருக்குப் போய், திரும்பி வந்து வேலக்காரனப் பாராட்டுற இடம் இரிக்கி. அதில "உத்தமமும் உண்மையுமுள்ள ஊழியக்காரனே" எண்டுதான் இரிக்கி, விசுவாசமுள்ள ஊழியக்காரனே எண்டு இல்ல. கடவுளையும் "தேவன் உண்மையுள்ளவர்" எண்டுதான் எழுதியிரிக்காங்க. விசுவாசம் நாங்க மேல பாத்து வைக்கிறது, மேல இருந்து எங்களுக்கு வாறதுக்குப் பேர் உண்மை. கத்தோலிக்க ஆக்கள் 1995 ல வந்த பொது மொழிபெயர்ப்புக்குப் பிறகு விசுவாசம் எண்ட இடத்தில நம்பிக்கை எண்டே வாசிக்கிறாங்க. வாவிக்கரையான் தம்பி, உங்கட அண்ணருக்கு "உண்மையும் உத்தமமுமான" எண்டு போடுங்க, ஆரும் கோவிக்க மாட்டாங்க.

அக்கரப்பத்து_நானா
டீச்சர் சொன்னது எங்களுக்கும் அப்படியே பொருந்துது. குர்ஆன் தமிழாக்கத்தில ஒருத்தர் "விசுவாசிகளே" எண்டு போடுவார், இன்னொருத்தர் "ஈமான் கொண்டவர்களே", மத்தவர் "நம்பிக்கை கொண்டோரே", எல்லாம் ஒரே ஆக்களத்தான். பள்ளிவாசல நிர்வகிக்கிற ஆக்களுக்கு நம்பிக்கையாளர் சபை எண்டு பேர், விசுவாசிகள் சபை எண்டு வெச்சா சிரிப்பாங்க.

ஆனா ஊட்டுல, கடையில ஒருத்தர நம்பி ஒண்டக் குடுத்தா நாங்க சொல்லுறது அமானிதம். காசு, நக, ரகசியம், பொறுப்பு எல்லாத்துக்கும் அதுதான். நான் சின்னப் புள்ளையா இரிக்கக்குள்ள பக்கத்து ஊட்டு ராத்தா ஹஜ்ஜுக்குப் போக முன்னுக்கு உம்மாட்ட ஒரு சோடி காப்பு குடுத்துட்டுப் போனா. உம்மா அதத் துணியில முடிஞ்சி அரிசிப் பானைக்குள்ள புதைச்சி வெச்சிருந்தா. அந்த நேரம் பாத்து எங்கட குடும்பத்தில கலியாணம், சாச்சிமாரெல்லாம் "ஒரு நாளைக்கித்தானே, கையில போட்டுட்டு வைங்களே" எண்டு சொல்லிப் பாத்தாங்க, உம்மா "அது அமானிதம்" எண்டு ஒத்தச் சொல்லு சொல்லிட்டு சோத்துப் பக்கம் திரும்பிட்டா. இப்ப நான் கேக்கன், இதுல உம்மா அந்த ராத்தாக்கு விசுவாசமா இருந்தா எண்டு சொல்லுவீங்களா? சொல்ல மாட்டீங்க. ரெண்டு பேரும் ஒரே மட்டம்.

முல்லைக்காரன்ட_பேரன்
நானா கடைசியா எழுதினதுதான் விசயம். ஒரே மட்டம் எண்டா விசுவாசம் இல்ல.

எங்கட அப்பப்பா சம்மாந்துறப் பக்கம் ஒரு போடியார்ட வயலுக்கு முல்லைக்காரனா இருந்தவர். இப்பத்தப் புள்ளைகளுக்கு வெளங்காது எண்டு சொல்லுறன், போடியார் காணிக்காரன், முல்லைக்காரன் எண்டா அந்தக் காணியப் பொறுப்பெடுத்து ஆக்களப் பிடிச்சி விதச்சி தண்ணி கட்டி காவல் காத்து வெட்டி சூடு வெச்சி அடிச்சி நெல்ல அளந்து போடியார்ட ஊட்டுல கொண்டு சேக்கிற வரைக்கும் எல்லாம் பாக்கிற ஆள். போடியார் ஊர்ல இரிப்பார். இவர் வயல் வாடியில. ராவைக்கு ஆன வந்தாலும் பண்டி வந்தாலும் இவர்தான் தீப்பந்தத்தோட ஓடணும். களத்தில பொலி கூட்டினா எத்தின மூட எண்டு போடியார் வந்து எண்ணுறல்ல, அப்பப்பா சொன்னதுதான் கணக்கு.

இப்ப இதுல போடியார் வெச்சது நம்பிக்க. அப்பப்பா காட்டினது விசுவாசம். நெல்லு ஒண்டு, களம் ஒண்டு, ஆனா சொல்லு ரெண்டு. "போடியார் முல்லைக்காரனுக்கு விசுவாசமா இருந்தார்" எண்டு சொல்லிப் பாருங்க, வாயிக்கே வராது. மேல இருந்து கீழ வந்தா அதுக்குப் பேர் இரக்கம், பெரிய மனசு, தங்கமான மனிசன். கீழ இரிக்கிறவனுக்கு அது கடம, மேல இரிக்கிறவருக்கு அது புண்ணியம். அந்தத் தங்கச்சிக்கு இது தெரிஞ்சிதான் கோவம் வந்திருக்கும், நாய் எண்டது சும்மா கெதியா வாயில வந்த சாட்டு.

கல்லடிக்_காத்து
வாயிக்கு வராது எண்டது நூத்துக்கு நூறு. நான் இப்ப சொல்லிப் பாத்தன், வீட்டுல பொஞ்சாதி என்ன புலம்புறீங்க எண்டு கேக்கா.

ரிட்டையர்ட்_வாத்தி
பேரன் சொன்னதுக்கு ஒரு சின்ன இடக்கு வைக்கன்.

விசுவாசம் வடசொல்லு. உள்ளுக்க சுவாசம் இரிக்கி பாருங்க, பயமில்லாம மூச்சு விட்டு ஆறி இரிக்கிற நிலையில இருந்து நம்பிக்க எண்ட கருத்து வந்தது. சிங்களத்தில விஷ்வாசய எண்டா நம்பிக்கதான், ஹிந்தியிலயும் அதுதான், மலையாளத்தில மத நம்பிக்க. எசமான்ல வைக்கிற பற்று எண்ட கருத்து தமிழ்லயும் தெலுங்கிலயும் நல்லா ஒட்டிப் போச்சு, தெலுங்கிலயும் நாய்க்கு இதே சொல்லுத்தான்.

ஆனா விசுவாசகாதகன் எண்ட சொல்லக் கேட்டிருப்பீங்க. காதகன் எண்டா கொல்லுறவன். இதுல செத்துப்போன விசுவாசம் ஆர்ர? துரோகம் செஞ்சவன்டது இல்ல, அவன நம்பினவன்ட விசுவாசம். அப்ப இந்தச் சொல்லு மேல இரிக்கிறவன் வைக்கிற நம்பிக்கைக்கும் ஒரு காலத்தில ஓடினதுதான். மறுகாதான் ஒரு பக்கமாச் சாஞ்சிருக்கு.

இன்னும் பழசுக்குப் போனா தேறுதல், தெளிதல் எண்டுதான் சொல்லுவாங்க. குறள் 510, "தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்." ஆராயாம நம்பினாலும் கரைச்சல், நம்பினவனப் பிறகு சந்தேகப்பட்டாலும் கரைச்சல். ரெண்டாவது பாதி ஆருக்குச் சொன்னது? போடியாருக்கு. ஒருத்தனத் தெளிஞ்சி பொறுப்புக் குடுத்திட்டா மறுகா அவன்ட பின்னால ஆள் வெச்சி மூட எண்ணாத.

முல்லைக்காரன்ட_பேரன்
வாத்தியார், அந்த ரெண்டாவது பாதிய மொதலாளிமார்ர மேசையில ஒட்டணும்.

பாண்டிருப்பான்
இவ்வளவு கதைக்கிறீங்க, ஒருத்தரும் கர்ணனத் தொடல்ல. எங்கட ஊர்த் திரௌபதை அம்மன் கோயில்ல பதினெட்டு நாள் சடங்கு, வனவாசம், தவநில, தீமிதிப்பு எண்டு பாரதக் கத முழுக்க நடக்கும், சாமி தூக்கிறது பாண்டவர் பக்கம்தான். ஆனா வடமோடிக் கூத்தில கர்ணன் செத்து விழுற கட்டத்தில சனம் அழுறதப் பாத்திருக்கீங்களா? எதிரிக்காரனுக்கு அழுகுது. ஏன்? செஞ்சோத்துக் கடன். தான் நிக்கிற பக்கம் பிழையெண்டு தெரிஞ்சும், மத்தப் பக்கம் தன்ட தம்பிமார் எண்டு தெரிஞ்சும் மாறல்ல.

கும்பகர்ணனும் அதுதான். அண்ணனுக்குப் புத்தி சொன்னான், கேக்கல்ல, போய்ச் செத்தான். விபீஷணன் புத்தி சொன்னான், கேக்கல்ல, பக்கம் மாறினான். நம்மட ஊர்ல ஒருத்தன விபீஷணன் எண்டு சொன்னா அது ஏச்சு. ஆனா கொழும்புப் பக்கம் களனிக்குப் போங்க, அங்க சிங்கள ஆக்கள் விபீஷண தெய்யோ எண்டு கோயில் வெச்சிக் கும்பிடுறாங்க. ஒரே நாட்டுல ஒரே ஆள், ஒரு பக்கம் ஏச்சு, மத்தப் பக்கம் தெய்வம்.

வாத்தியார் குறள் சொன்னதால நானும் ஒண்டு போடுறன், 780. "புரந்தார்கண் நீர்மல்கச் சாகிற்பின் சாக்காடு இரந்துகோள் தக்கது உடைத்து." தன்னக் காப்பாத்தின தலைவன்ட கண்ணுல தண்ணி வாற மாதிரி ஒரு சாவு கிடைச்சா அதப் பிச்ச கேட்டும் வாங்கலாமாம். மேல இருந்து கீழ ஒண்டும் வாறல்ல எண்டு பேரன் சொன்னார், இங்க கண்ணீர் வருகுதே.

முல்லைக்காரன்ட_பேரன்
அண்ணே, அவன் செத்த பிறகுதானே வருகுது.

பாண்டிருப்பான்
😄 அதுக்கு மறுமொழி என்னட்ட இல்ல.

சுவிஸ்_சின்னவன்
சிரிச்சு முடியல்ல. இஞ்ச சுப்பர் மார்க்கட்ல லோயல்டி காட் தருவாங்க, அத எங்கட ஆக்களுக்குத் தமிழ்ப்படுத்தின நோட்டீஸ் ஒண்டுல "விசுவாச அட்டை" எண்டு போட்டிருந்தாங்க. பால் பக்கட் வாங்கினதுக்கு நான் என்னத்துக்குக் கடைக்கு விசுவாசமா இரிக்கணும். "பற்று அட்டை" எண்டு போட்டிருக்கலாம் எண்டு ஒரு அங்கிள் சொன்னார், நான் சொன்னன் அங்கிள், எங்கட மாவட்டத்தில பற்று எண்டா கோறளைப்பற்று, மண்முனைப்பற்று, போரதீவுப்பற்று எண்டு பிரதேசங்கள்ர பேர், பாஸ்போட்டுக்கு டீஎஸ் ஒபீசுல, பிரதேச செயலகத்தில, போய் நிக்கணும் எண்டுதான் ஞாபகம் வரும்.

வடசேரி_வாரிசு
பற்று எண்டதும் கொம்பு முறி ஞாபகம் வந்திட்டு. கண்ணகி அம்மன்ட கொம்பு வெளாட்டுல வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். ரெண்டு கொம்பையும் கொளுவி வடக் கயிறு கட்டி ரெண்டு பக்கமும் இழுப்பாங்க, முறிஞ்ச பக்கத்தப் பாத்து மத்தப் பக்கம் வசந்தன் பாடி வச பாடி ஒரு வழி பண்ணிரும். ஒரு சேரிக்காரன் மத்தச் சேரிக்கு மாறுற கதையே இல்ல. ஒருத்தரும் இதுக்கு விசுவாசம் எண்டு பேர் வெக்கல்ல. "நான் வடசேரி", அவ்வளவுதான். சம்பளம் வாங்காத இடத்தில இந்தச் சொல்லுக்கு வேல இல்லப் போல.

கோட்டுக்_கிளாக்கர்
நானும் என்ட பக்கத்தால ஒண்டு. கோட்ல, நம்பி ஒப்படச்சதச் சுருட்டினா நம்பிக்கை மோசடிக் கேஸ் எண்டு வாறது, சிங்களத்தில சாபராதி விஷ்வாசய கட கிரீம. அதே கேஸ், அதே ஆள், சிங்கள பைல்ல விஷ்வாசய, தமிழ் பைல்ல நம்பிக்கை. அம்பாறைக் கோட்டுல ரெண்டு பைலும் ஒரே அலுமாரியில கிடக்கும். வாத்தியார் சொன்ன மாதிரி, சிங்களத்தில அது மொதலாளி வெச்ச நம்பிக்கையாவே நிக்கிது.

நாங்களும் ஒவ்வொரு ஜனவரி 1 ம் திகதியும் வரிசையில நிண்டு அரச சேவை சத்தியப்பிரமாணம் எடுக்கிற ஆக்கள்தான். சத்தியத்தால விசுவாசத்த உண்டாக்கலாமா எண்டது வேற கத. 1983 ல ஆறாம் திருத்தம் வந்து, பிரிவினைய ஆதரிக்க மாட்டன் எண்டு சத்தியம் செய்யணும் எண்ட நேரம், தமிழர் விடுதலைக் கூட்டணி எம்பிமார் செய்யாம விட்டு கதிரையையே இழந்தாங்க. செஞ்சிட்டு உள்ளுக்க வேற நினைச்சிருக்கலாம், செய்யல்ல. அத நீங்க விசுவாசம் எண்டுறதா, விசுவாசமில்ல எண்டுறதா, அவரவர் பக்கம்.

கல்லடிக்_காத்து
அதுக்குப் போனா புலிகளுக்குள்ள கிழக்கு பிரிஞ்ச 2004 க்கும் போகணும். எங்கட மாவட்டத்தில அந்த வருசத்துக்குப் பிறகு ரெண்டு பக்கமும் மத்தப் பக்கத்துக்கு வெச்ச பேர் ஒண்டுதான். துரோகி. ஒரே தெருவுல, சில இடத்தில ஒரே ஊட்டுல.

அட்மின்
2004 இத்தோட போதும். இழை நல்லாப் போகுது, பூட்ட வெக்காதீங்க. அந்தக் கதைக்கு இங்க இரிக்கிற எல்லார் வீட்டுலயும் ஆக்கள் இரிக்காங்க.

வாவிக்கரையான்
அட்மினுக்கு நன்றி. மடல் விசயம் ஒரு மாதிரி முடிஞ்சிட்டு. உங்கட கதையெல்லாம் வாசிச்சிட்டு நேராப் போய் அந்த அண்ணர்ட்டயே கேட்டன், அண்ண மடல்ல என்ன போடணும் எண்டு விரும்புறீங்க எண்டு. மனிசன் வெத்தில இடிச்சிக்கிட்டு கன நேரம் பேசல்ல, மறுகா சொன்னார், "மில்லுத் திறப்பு என்னட்டத்தான் இருந்த எண்டு போடு மனே." மொதலாளி கொழும்பு போனாலும் புள்ள கலியாணம் எண்டாலும் அந்தச் சாவி அவர்ட இடுப்புலதானாம், சண்டக் காலத்திலயும் மில்லப் பூட்டிட்டு சனத்தோட கோயில்ல போய் இருக்கக்குள்ளயும் இடுப்புலதான் இருந்திருக்கு. "மில்லின் திறப்பைத் தன் கையில் வைத்திருந்தவர்" எண்டு வரி மாத்திட்டன். மொதலாளிட்ட காட்டினன், ரெண்டு தரம் வாசிச்சார், விசுவாசம் எங்க எண்டு கேக்கல்ல. தங்கச்சி டைப் அடிச்சிட்டா.

கல்லாத்து_டீச்சர்
நான் சொன்னத விட நல்லா இரிக்கி ராசா.

ரிட்டையர்ட்_வாத்தி
நானும் ஒத்துக்கிறன். தெளிதல் எண்டதுக்கு இத விட நல்ல உரை ஆரும் எழுதல்ல.

கோட்டுக்_கிளாக்கர்
திறப்பெல்லாம் சரி. நான் கேக்கப் போறது வேற. அந்த அண்ணருக்கு ஈபீஎஃப், ஊழியர் சேமலாப நிதி, கட்டினாங்களா?

ஊழியர்ட சம்பளத்தில 8 வீதம், மொதலாளி தன்ட பக்கத்தால 12 வீதம். அது போக ஈடீஎஃப் எண்ட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், அது முழுக்க மொதலாளிட காசு, ஊழியர்ட்ட வெட்ட ஏலா. பணிக்கொட எண்டும் ஒண்டு இரிக்கி, 1983 ல வந்த சட்டம், ஒரு இடத்தில அஞ்சு வருசமோ அதுக்கு மேலயோ வேல செஞ்சிட்டுப் போனா, மாதச் சம்பளக்காரன் எண்டா வருசத்துக்கு அர மாதச் சம்பளம், கடைசியா எடுத்த சம்பளத்த வெச்சிக் கணக்கு. மத்தவங்களுக்கு வருசத்துக்கு பதினாலு நாள் கூலி. வேல விட்டு 30 நாளுக்குள்ள குடுக்கணும். மேல இருந்து கீழ என்ன வருகுது எண்டு பேரன் தேடினாரே, வீதக் கணக்கோட சட்டத்தில எழுதியே இரிக்கி.

முல்லைக்காரன்ட_பேரன்
ஐயா கையெடுத்துக் கும்பிடுறன். எங்கட அப்பப்பாக்கு ஈபீஎஃப் இல்ல, பணிக்கொட இல்ல, போடியார் செத்த ஊட்டுல மொத வரிசையில ஒரு கதிர போட்டாங்க. அவருக்கு அதே பெரிய சந்தோசம், சாகும் வரைக்கும் சொல்லுவார். எனக்குத்தான் வயிறு எரியும்.

அக்கரப்பத்து_நானா
ஊழியன்ட ஈபீஎஃப் காசப் பிடிச்சிட்டுக் கட்டாம வெச்சிரிக்கிற மொதலாளிக்கு எங்கட பக்கம் பேர் இரிக்கி, அமானிதத்தில கை வெச்சவன். அத விசுவாசத்தில சேக்காதீங்க, அது காசு.

வாவிக்கரையான்
கிளாக்கர் ஐயா, ஈபீஎஃப் கட்டியிரிக்காங்க எண்டு தங்கச்சி சொல்லுறா, எவ்வளவு சம்பளத்துக்குக் காட்டிக் கட்டினாங்க எண்டது தெரியாதாம். பணிக்கொட பத்தி அவங்க வீட்டுல ஆருக்கும் கேள்வியே இல்ல. நான் போய் மொதலாளிட்டக் கேக்க ஏலா, மடல் எழுதின ஆள் நான், அவர் என்னப் பாக்கிற பார்வையே மாறிடும்.

கோட்டுக்_கிளாக்கர்
நீங்க கேக்க வாணாம். அண்ணர்ட மகனோ மருமகளோ லேபர் ஒபீசுக்குப் போகட்டும், கல்முனையிலயும் இரிக்கி மட்டக்களப்பிலயும் இரிக்கி. ஆனா ஒண்டு, பணிக்கொடச் சட்டம் 15 பேரோ அதுக்கு மேலயோ வேல செய்யிற இடத்துக்குத்தான் நேராப் பிடிக்கும். ஆள் வெளிக்கிட முன்னுக்குள்ள 12 மாதத்தில ஒரு நாளாவது 15 பேர் இருந்திரிக்கணும். மில்லில எத்தின பேர்?

வாவிக்கரையான்
உள்ளுக்க நிரந்தரமா நிக்கிறது ஒரு பத்துப் பேர் வரும். நெல்லு அவிச்சிக் காயப் போடுற பொம்புளைகள் இரிக்காங்க, அவங்க நாட்கூலி. மூட தூக்கிற நாட்டாமிமார், லொறிக் கிளீனர். இவங்கள எண்ணலாமா?

கோட்டுக்_கிளாக்கர்
நாட்கூலி எண்டதுக்காக ஊழியர் இல்லாமப் போறல்ல, ஈபீஎஃப் அவங்களுக்கும் கட்டணும். அதனால அந்தப் பொம்புளைகள்ர பேரையும் ஒரு கொப்பியில எழுதச் சொல்லுங்க, எந்த மாசம் ஆர் ஆர் வேலைக்கு வந்த எண்டு. அறுவட நேரத்துப் பேர் முக்கியம், அப்பத்தான் ஆள் கூட. திறப்பு வெச்சிருந்த மனிசனுக்கு அது தெரியாம இரிக்காது.